பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருத்தல்

நகரத்தின் தென்பகுதியில் வசிக்கும் நண்பர்கள் என்னைச் சந்திக்கும்போதெல்லாம், "இன்னும் வண்ணாரப்பேட்டையில்தான் இருக்கிறீர்களா?" என்று கேட்பதுண்டு. சில வருஷங்களுக்கு முன்பு அந்தக் கேள்வியில் அனுதாபம் தொனிக்கும். இப்பொழுதோ ஆர்வம் தொனிக்கிறது. அதைத் தொடர்ந்து, அங்கே இடத்தின் விலை என்ன, மெட்ரோவுக்கு எவ்வளவு தூரம், இப்போது ஒரு வீடு வாங்கிப் போட்டால் பிற்காலத்தில் அனுகூலமாக இருக்குமா என்ற விசாரணைகளும் வருகின்றன. ஒரு பேட்டையைப் பற்றி வெளியார் கேட்கும் கேள்வி மாறுகிறதென்றால், அந்தப் பேட்டையின் விதியும் மாறத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். குறைந்த வாடகையை நாடி இங்கே வந்து, வந்த இடத்தின் மீது பிரியம் கொண்டு, சொந்த வீடு இல்லாமலேயே இதைச் சொந்த ஊராக மதிக்கும் ஒருவன் என்ற முறையில், இந்த மாறுதலைப் பற்றிச் சில விஷயங்களைச் சாவகாசமாகச் சொல்ல விரும்புகிறேன்.

வடசென்னையில் வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் அது பின்தங்கிய பிரதேசமாக இருப்பதுதான் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால், விஷயம் அவ்வளவு எளிதல்ல என்பது விளங்கும். கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குச் சென்னைப் பட்டணத்தில் பிரதான வியாபாரம் துணி. நூற்பவரும் நெய்பவரும் சாயம் தோய்ப்பவரும், நெய்த துணியைக் கப்பலேற்றும் முன் வெளுத்துக் கொடுப்பவரும் இல்லாமல் அந்த வியாபாரம் ஒருநாளும் நடந்திராது. அவர்களில் பலர் கோட்டைக்கு வடக்கே குடியமர்ந்தார்கள். வெளுப்பவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. இன்னும் வடக்கே உள்ள காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய குடியிருப்பு. பிறகு ரயில் வந்தது. 1856ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் புறப்பட்டது இராயபுரம் நிலையத்திலிருந்து. அது போய்ச் சேர்ந்த இடம் வாலாஜா. பின்னர்த் துறைமுகமும், பெரம்பூரின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளும், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1918ஆம் வருஷத்தில் பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் துணைநின்று உருவாக்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவில் கிரமமாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களுள் ஒன்றென மதிக்கப்படுவது, அந்த ஆலைத் தொழிலாளர்களிடமிருந்தே பிறந்தது.

ஆகவே இந்தப் பகுதியின் வீடுகள், வேலைக்கு நடந்தே போய் நடந்தே திரும்புகிறவர்களுக்காக, அவர்களுடைய கூலிக்கு எட்டும் அளவில் எழுந்த வீடுகள். ஒரே வாசல், நடுவில் நீண்ட நடை, இருபுறமும் ஒன்றோ இரண்டோ அறைகள் கொண்ட போர்ஷன்கள், பின்கட்டில் அடிபம்பு, மாடிக்குப் போகும் குறுகிய படிக்கட்டு, படிக்கட்டின் கீழ் யாருடைய சைக்கிளோ என்ற இந்த அமைப்பைக் கட்டடக் கலையின் சௌந்தரியம் என்று யாரும் கொண்டாடமாட்டார்கள். ஆனால் சொற்ப வருமானமுள்ள ஐந்தாறு குடும்பங்கள் பட்டணத்தின் நடுவே கௌரவமாக வாழ்வதற்கு இதைவிடச் சிக்கனமான ஓர் ஏற்பாட்டை நகர நிர்மாண சாஸ்திரம் இதுவரை நமக்கு அளிக்கவில்லை.

இவ்விடத்தின் மலிவுக்கு வாடகைத் தொகை ஒரு பகுதிக் காரணமே. ஒரு குடும்பத்தின் மாதச் செலவை நிர்ணயிக்கும் பல விஷயங்கள் இங்கே ஒன்றுக்கொன்று துணையாக நிற்கின்றன. எங்கள் தெருவில் பெண்கள் பலர் எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளிலிருந்து புடவைகளை வாங்கிவந்து, வீட்டு வேலை ஓய்ந்த மத்தியானத்தில் ஃபால் தைத்து, பீகோ அடித்து, குஞ்சம் கட்டி, மாலையில் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கடை நடந்துபோகும் தூரத்தில் இருப்பதனால்தான் அந்தத் தொழில் அவர்களுக்கு இலாபமாகிறது. ஆட்டோச் சத்தம் கொடுத்துப் போய்வர வேண்டியிருந்தால் கூலியில் பாதி வழியிலேயே கரைந்துவிடும். மளிகைக் கடைக்காரர் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு மாதக் கடைசி வரை பொறுக்கிறார், ஏனென்றால் வாங்குகிறவரின் தகப்பனாரையும் அவருக்குத் தெரியும். உடம்புக்கு வந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1782ஆம் வருஷப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய தொட்டியிலிருந்து படிப்படியாக வளர்ந்த அந்த ஸ்தாபனம், இன்றளவும் வடசென்னையின் பெரும்பகுதி ஜனங்களுக்கு உயிர்க்காவலாக விளங்குகிறது. பிள்ளைப்பேற்றுக்கு ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி, பிள்ளைகள் படிக்கத் தியாகராயர் கல்லூரி. இவை யாவும் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதே இங்குள்ள ஏழையின் செல்வம். அவனுடைய போர்ஷனை மட்டும் இருபது மைல் தள்ளி எடுத்துச் சென்று, இதைவிட விசாலமாகக் கட்டிக் கொடுத்தாலும், அந்தச் செல்வம் அவனோடு போகாது.

இவ்வளவு சொன்னதனால், நான் பழமையின் பக்தன் என்றும், இந்தத் தெருக்கள் இப்படியே இருக்கட்டும் என்று விரும்புகிறவன் என்றும் யாரும் எண்ணிவிடலாகாது. வடசென்னை இந்த மாநகரத்துக்காகச் சுமந்திருக்கும் பாரம் சாமானியமானதல்ல. நகரத்துக்கு வேண்டிய மின்சாரத்துக்காக எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் அனல்மின் நிலையங்கள் எழுந்தன. 1969 முதல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடந்துவருகிறது. மாநகரத்தின் குப்பையில் பெரும்பகுதி தலைமுறை தலைமுறையாகக் கொடுங்கையூரில் வந்து குவிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வந்தபோது, எண்ணெய் கலந்த நீர் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் வீட்டுச் சுவர்களையும் கறுப்பாக்கியதை நாடே பார்த்தது. வெளிச்சம் எல்லார் வீட்டுக்கும், புகை மட்டும் வடக்கே என்ற கிரமத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்த காரியத்துக்கு, இன்றைய சீரமைப்பு ஒரு பிராயச்சித்தம். நெடுங்காலம் நிலுவையில் நின்ற கடனைத் திருப்பிக் கொடுக்கும் காரியமாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

அந்தக் கடன் சிறிது சிறிதாகத் தீரத் தொடங்கியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதே நியாயம். 2019 பிப்ரவரியில் விமான நிலையத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ ரயில் வந்தது. 2021 பிப்ரவரியில் அது ஒன்பது கிலோமீட்டர் மேலும் நீண்டு, தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் சேர்ந்தது. 2023ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில், வடசென்னையின் வளர்ச்சிக்கென்று மூன்று ஆண்டுகளில் ஆயிரம் கோடி ரூபாய் செலவிடப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. மறு வருஷம் மார்ச் 14ஆம் தேதி தங்கசாலையில் அத்திட்டம் தொடங்கியபோது, பல இலாகாக்களின் பணிகளும் சேர்ந்து தொகை 4,181 கோடி ரூபாயாக விரிந்திருந்தது. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் கால்வாய், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக் கட்டடம், விளையாட்டுத் திடல், பழைய குடியிருப்புகளுக்குப் பதில் புதிய குடியிருப்புகள் என்று அதன் அம்சங்கள் பல.

இவற்றின் பயனைக் கண்கூடாகக் காண்கிறேன். முன்பெல்லாம் கிண்டியிலோ ஆலந்தூரிலோ வேலை கிடைத்தால், "அவ்வளவு தூரம் பெண்பிள்ளை எப்படிப் போய்வருவது?" என்று வீட்டார் தயங்குவார்கள். இன்று சாயங்காலம் ஏழு மணிக்குமேல் மெட்ரோவிலிருந்து இறங்கிப் படியேறி வரும் இளம்பெண்களின் கூட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கு, ஒரு ரயில்பாதை எத்தனை வீடுகளின் தயக்கத்தைப் போக்கியிருக்கிறது என்பது புரியும். திறமைக்கும் இங்கே எக்காலத்திலும் குறைவில்லை. புது வண்ணாரப்பேட்டையிலிருந்து போன காசிமா, 2024ஆம் வருஷம் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்று திரும்பியபோது, எங்கள் தெருக்களில் இருந்த உற்சாகம் ஒரு திருவிழாவுக்குச் சமானம். சந்துமுனையில் ஒரு பல்பின் கீழே கேரம் பலகையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டுக் கூடமும் படிப்பகமும் கிடைக்குமானால், அவர்கள் எந்த உயரத்தையும் எட்டுவார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இந்த அபிவிருத்தியின் மறுபக்கம் எங்கள் தெருவுக்குள் ஓசையில்லாமல் வந்துகொண்டிருக்கிறது. ஓர் ஓனர் தம் வீட்டின் இரண்டு போர்ஷன்களைச் சேர்த்து ஒன்றாக்கி, தரையில் டைல்ஸ் ஒட்டி, மேற்கத்தியக் கழிவறை வைத்து, முன்னைவிட இரண்டு பங்கு வாடகைக்கு விடுகிறார். இன்னொருவர் பழைய வீட்டை பில்டரிடம் கூட்டு முயற்சிக்குக் கொடுக்கிறார். இடித்து எழும் கட்டடத்தில் ஓனருக்குப் பங்கு உண்டு, பில்டருக்குப் பங்கு உண்டு, அதுவரை குடியிருந்த ஐந்து குடும்பங்களுக்குத் திரும்பப் பெற்ற அட்வான்ஸ் உண்டு. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து இரண்டு மூன்று வருஷம் வாடகையில்லாமல் இருக்கும் லீஸ் முறையில் குடியிருப்பவர்கள், தவணை முடிந்து பழைய தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு அதே தெருவில் வேறு இடம் தேடும்போது, அந்தத் தொகைக்கு இப்போது யாரும் கதவைத் திறப்பதில்லை என்பதை அறிகிறார்கள். வீட்டு புரோக்கர் வாயில் ‘மெட்ரோவுக்கு நடக்கிற தூரம்’ என்ற வாக்கியம் எந்த அளவுக்குப் பெருமையாக ஒலிக்கிறதோ, அந்த அளவுக்கு வாடகைக் குடித்தனக்காரரின் மனத்தில் அது கலக்கமாக இறங்குகிறது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கும் ஓர் அம்மாள் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்று ஜீவனம் செய்கிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்பதால் வருமானம் சுருங்கும். அந்த நாட்களிலும் வாடகையைத் தவறவிடாதவர். அண்மையில் ஒருநாள் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, மெட்ரோ வந்ததில் உங்களுக்குச் சந்தோஷந்தானே என்று கேட்டேன்.

"சந்தோஷந்தாண்ணா. எம் பொண்ணு அதுலதான் வேலைக்குப் போவுது. ஆனா ஓனரம்மா ஆடி கழிஞ்சதும் வீட்டை இடிச்சுக் கட்டப் போறோம், வேற எடம் பாத்துக்கம்மான்னு சொல்லிட்டாங்க. மீஞ்சூர்ல கம்மியா கெடைக்கும்னு சொல்றாங்கண்ணா. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏலத்துக்குப் போறவ நான். அந்நேரத்துக்கு எந்த ரயிலு வரும், சொல்லுங்க?"

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டதில் இந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மகளுக்கு நகரத்தின் கதவைத் திறந்துவிட்ட அதே மாறுதல், தாயை அவருடைய தொழிலிலிருந்து தூர நகர்த்தப் பார்க்கிறது. இருவரும் ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துறங்குகிறவர்கள்.

இந்த இடத்தில் ஓனரம்மாளைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் கணவரை இழந்தவர்; வாடகைதான் அவருக்குப் பென்ஷன்; ஒழுகும் தளத்தைப் பழுது பார்க்கக் கையில் பணமில்லாமல் ஒவ்வொரு மழைக்காலத்தையும் அச்சத்தோடு கழித்தவர். பழைய கட்டடங்களை அப்படியே விட்டுவைப்பது தர்மம் என்று வாதிப்பவர்கள், 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நடந்ததை மறக்கலாகாது. அங்கே குடிசை மாற்று வாரியத்தின் பழைய குடியிருப்பில் விரிசல் கண்டு ஜனங்கள் வெளியேறிய சிறிது நேரத்தில், 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி தரைமட்டமாயிற்று. அவர்கள் சுதாரித்துக்கொண்டதனால் உயிர்கள் தப்பின. ஆகவே கட்டடம் புதிதாக வேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. புதிய கட்டடத்தில் யார் இருப்பது என்பதே கேள்வி.

இதற்கு விடை வெளிதேசத்திலிருந்து வர வேண்டியதில்லை. நம்முடைய ராஜ்யத்தின் அனுபவத்திலேயே இருக்கிறது. 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, அதன் ஆரம்பகால வேலை பெரும்பாலும் ஜனங்கள் குடிசை போட்டிருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டி, அவர்களையே அவற்றில் குடியமர்த்துவதாக இருந்தது. பிற்காலத்தில்தான், 2000ஆம் வருஷத்தையொட்டிக் கண்ணகி நகரிலும், அதன்பின் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலுமாக, நகரத்தின் நடுவில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்களைத் தென்கோடிக்குக் கொண்டுபோய் விடும் வழக்கம் வந்தது. பிள்ளைகள் பள்ளியை இழந்ததையும், பெண்கள் வீட்டுவேலை செய்துவந்த இடங்களை இழந்ததையும், ஆண்கள் பஸ்ஸிலேயே பொழுதைக் கழித்ததையும் அங்கே போய்ப் பேசிய எவரும் அறிவர். 2021இல் வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. அந்த வாரியம் இன்று பழுதடைந்த பழைய அடுக்குமாடிகளை இடித்து, அதே மனையில் புதியன கட்டி, பழைய குடித்தனக்காரர்களையே திரும்ப அழைக்கும்போது, அதன் ஆதிகாலக் கொள்கை மீண்டும் உயிர்பெறுகிறது. வடசென்னைக்கு வேண்டியது இதுதான். இது தளர்ச்சியில்லாமல் நடக்க வேண்டும்.

வாரியத்தின் குடியிருப்பில் இருப்பவர்களுக்காவது ஒதுக்கீட்டுச் சீட்டு என்று ஒரு பிடிமானம் உண்டு. தனியார் வீட்டுப் போர்ஷனில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகையை நிர்ணயிக்க இடமிருந்தது. அதற்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்டு 2019இல் அமலுக்கு வந்த சட்டம், வாடகை எவ்வளவு என்பதை இருதரப்பாரின் உடன்படிக்கைக்கே விட்டுவிட்டு, அந்த உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்று விதிக்கிறது. எங்கள் தெருக்களிலோ பல குடித்தனங்கள் வாய்ச்சொல்லின் மீதே நடக்கின்றன. வாய்ச்சொல் அழகானதுதான், ஆனால் இடத்தின் விலை ஏறும் காலத்தில் அதற்குப் பலம் போதாது. ஆகவே குடியிருப்போர் ஒவ்வொருவரும் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கேட்டுப் பெறுவதும், மூன்று நான்கு வருஷத்துக்கென்று தவணை வைத்துக்கொண்டு வருஷாந்தர உயர்வு எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி முடிப்பதும் மிகவும் அவசியம். ஓனருக்கும் இதில் நஷ்டமில்லை. தவறாமல் வாடகை தரும் பழைய குடித்தனக்காரர் நிலைத்திருப்பது அவருக்கும் நிம்மதி.

அரசாங்கம் செய்யக்கூடிய காரியங்களும் உண்டு. மெட்ரோவையொட்டி உயரமான கட்டடங்களுக்கு அனுமதி வழங்கும்போது, அதனால் விளையும் இலாபத்தில் ஒரு பங்கைச் சிறு வாடகை வீடுகளாகப் பெற்றுக்கொள்ளலாம். அரசாங்கத்துக்குச் சொந்தமான மனைகள் சிலவற்றிலாவது விற்பனைக்கல்லாமல் வாடகைக்கென்றே குடியிருப்புகள் கட்டலாம். வீடு இடிபடும் காலத்தில் குடித்தனக்காரர்கள் அருகிலேயே தங்குவதற்குத் தற்காலிக வசதி செய்யலாம். பழுதுபார்க்கப் பணமில்லாத சிறிய ஓனர்களுக்குச் சகாய வட்டியில் கடன் கொடுத்து, குறிப்பிட்ட காலம் வரை பழைய குடித்தனக்காரரை வைத்துக்கொள்வது என்பதை அதற்கு நிபந்தனையாக்கலாம். அந்த ஓனரம்மாளுக்கும் மீன் விற்கும் அம்மாளுக்கும் ஒருசேர உதவும் ஏற்பாடு இது ஒன்றே. நடைபாதை அகலமாகும்போது அதில் கடை போட்டிருந்தவர் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் சட்டம் இருக்கிறது: 2014ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டப்படி ஊர்தோறும் அமைய வேண்டிய விற்பனைக் குழுவில், நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இடம்பெற வேண்டும். பூக்காரம்மாவும் அத்தோ விற்பவரும் இட்லிக் கடைக்காரரும் அந்தக் குழுவின் மூலம் தங்கள் இடத்தைக் கேட்டு வாங்க முடியும்.

புதிதாக இங்கே குடிவரும் என்போன்றவர்களுக்கும் சில கடமைகள் உண்டு. சற்று அதிகமாகவே கொடுத்துவிடலாம் என்று பேரமில்லாமல் வாடகையை ஒப்புக்கொள்ளும்போது, நாம் அடுத்த வீட்டாரின் வாடகையையும் சேர்த்தே நிர்ணயிக்கிறோம். மளிகையையும் காய்கறியையும் தெருக்கடையில் வாங்குவது, தைக்கும் வேலையை எதிர்வீட்டில் கொடுப்பது, வார்டு சபைக் கூட்டம் நடக்கும்போது போய் உட்கார்ந்து வாடகைக் குடித்தனக்காரரின் சார்பில் நாலு வார்த்தை பேசுவது ஆகிய இவை சிறிய காரியங்கள்தாம். ஆனால் மனு எழுதத் தெரிந்தவரும், காரியாலயத்துக்குப் போய்வர அவகாசம் உள்ளவரும் தங்கள் வித்தையைப் பேட்டைக்கு ஈடாகக் கொடுத்தால், இங்கே வந்து அனுபவித்த மலிவுக்கு அதுவே உரிய கைம்மாறு.

நண்பர்களின் கேள்விக்கு என் பதில் இதுதான். ஆம், வண்ணாரப்பேட்டையில்தான் இருக்கிறேன். முடிந்தமட்டும் இங்கேயே இருக்க ஆசைப்படுகிறேன். இந்த இடம் சீர்பெறுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையான ஆனந்தம் உண்டாகிறது. ஆனால் சீர்திருத்தம் வெற்றி பெற்றதா என்பதை நிலத்தின் விலையைக் கொண்டு அளக்க நான் சம்மதியேன். பத்து வருஷத்துக்குப் பின் இந்தத் தெருவில் நல்ல தண்ணீரும் நல்ல சாலையும் நல்ல காற்றும் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். அவை இருந்தால், அவை இல்லாத காலத்தில் இங்கே வாழ்ந்தவர்கள் அவற்றை அனுபவிக்க இங்கேயே இருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால்தான் வடசென்னையின் கடன் தீர்ந்தது என்று பொருள். கட்டடத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் இரண்டாவது கேள்வியையும் முதல் நாளிலிருந்தே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாவிட்டால், எழுதும் வரை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.